பூமிநாதன் வீட்டுத் திறப்பு விழா

புதுவயல் அரிசி ஆலை ஒன்றில் எடை போடும் வேலையில் இருந்த பூமிநாதனுக்கு, எழுபத்து நான்காம் ஆண்டு ஆடி மாதத்தில், வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கட்டவேண்டும் என்ற எண்ணம் வந்தது. வசதி வந்து வந்த எண்ணம் அல்ல. மகள் நாகவல்லி இரண்டாவது முறையாக உண்டாகியிருந்தாள்.

அவளுடைய முதல் பிரசவம் மாட்டுக் கொட்டகையில் நடந்தது. வீடு என்று சொன்னால் ஒரே நீளக் கூடம். ஒரு மூலையில் அடுப்பு. மற்ற மூலைகளில் பூமிநாதன், அவர் மனைவி சோலையம்மாள், மீசை முளைத்த இரண்டு மகன்கள். பிரசவத்துக்கு மறைவிடம் வேண்டும் என்பதால் மாட்டை அவிழ்த்து வெளியே கட்டிவிட்டு, கொட்டகையைச் சுற்றிக் கீற்று வைத்து மறைத்தார்கள். ஐப்பசி மழைக்கு அந்த மறைப்பு ஒரு பொருட்டாக இல்லை. ஈரத்திலேயே பிறந்த பிள்ளை விடிவதற்குள் விறைத்துப்போனது. அதைப் பற்றி அந்த வீட்டில் பேசுவதில்லை. ஆடிக்குத் தாய்வீடு வந்து இறங்கிய நாகவல்லிதான் முதல்முறையாகப் பேசினாள்.

"அந்தக் கொட்டாய்க்கு மட்டும் என்னையக் கூட்டிப் போகாதீகப்பா."

"மாட்டேன் ஆத்தா. உனக்குன்னு ரூம்பு கட்டுறேன்" என்றார் பூமிநாதன். சொல்லிவிட்ட பிறகுதான் அதற்கு என்னென்ன வேண்டும் என்று யோசித்தார்.

கொத்தனார் அல்லாபிச்சை வந்து கயிறு பிடித்து அளந்தார். செங்கல் வந்தது. ஆத்தங்குடியில் விளிம்பு உடைந்ததென்று ஒதுக்கிப் போட்டிருந்த பூப்போட்ட தரைக்கல் ஒரு வண்டி வந்தது. சிமெண்டு மட்டும் வரவில்லை. அந்த ஆண்டு சிமெண்டு கடையில் விற்கும் பொருளாக இல்லை. விண்ணப்பித்தவர்களுக்கு அருளப்படும் பொருளாக இருந்தது. அதை அருள்வதற்கென்று காரைக்குடியில் ஓர் அலுவலகம் இருந்தது. அதன் பெயர் இல்ல விரிவாக்க ஊக்குவிப்பு வாரியம்.

வாரியம் ஒரு பழைய பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தது. அந்த வீட்டில் எத்தனை அறைகள் என்று வாரியத்தில் யாருக்கும் தெரியாது. முன்பக்கத்து இரண்டு அறைகளில் ஊழியர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மற்ற அறைகளில் எல்லாம் சிமெண்டு மூடைகள் இருந்தன. இடம் போதவில்லை என்று முற்றத்துக்கு அந்தப்பக்கம் வாரியம் தனக்கொரு புதுக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தது. மழைச்சாரல் பட்டுக் கல்லாகிப்போன மூடைகளை வீணாக்காமல் ஊழியர்கள் மேசையாகவும் இருக்கையாகவும் பயன்படுத்தினார்கள். அப்படிப்பட்ட ஒரு மூடையில்தான் பூமிநாதனையும் உட்காரச் சொன்னார் கிளை அதிகாரி மெய்யநாதன்.

மெய்யநாதன் கெட்டவர் அல்ல. யாரிடமும் கைநீட்டி ஒரு டீ கூட வாங்கிக் குடிக்காதவர். வாரியத்தின் மேல் அவருக்கு இருந்த பக்திதான் பூமிநாதனுக்கு வினையாக வந்தது.

"முதல்ல ஒண்ணு நீங்க புரிஞ்சுக்கிறணும், பூமிநாதன்" என்றார் அவர். "இந்த வாரியம் எதுக்கு இருக்கு? ஜனங்க வீட்டை விரிவாக்கணும்னு இருக்கு. சரி, எல்லாரும் விரிவாக்கிட்டாகன்னு வைங்க. அப்புறம் வாரியம் எதுக்கு? நாளைக்கே மூடிப்புடுவாக. மூடிட்டா உங்களுக்கு யாரு உதவி செய்வா? அதனால உங்க நல்லதுக்குத்தான் நாங்க நிதானமாப் போறோம்."

பூமிநாதன் தான் உட்கார்ந்திருந்த மூடையைத் தடவிப் பார்த்தார். பிறகு அறைகளின் பக்கம் கையைக் காட்டினார். "அங்குட்டு நல்ல மூடையா நிறையக் கிடக்குதுங்களே. அதுல பன்னண்டு மூடை குடுத்தீகன்னா..."

"அது இருப்பு."

"ஆமாங்க. இருக்குதுல்ல, அதைத்தான் கேக்குறேன்."

"இருப்பை எடுத்துக் குடுத்தா இருப்பு குறைஞ்சு போகும்ல? அப்புறம் மேலிடத்துக்கு நான் என்ன இருப்பைக் காட்டுறது?"

பூமிநாதனோ மூடைக்கு மூடை எடை போட்டு அனுப்புவதே பிழைப்பாகக் கொண்டவர். கையைக் கட்டிக்கொண்டு, மகளின் முதல் பிள்ளைக்கு நடந்ததைச் சொன்னார். மெய்யநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையாகவே அவருக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

"அறைக்கு இந்த வருஷம் ஒதுக்கீடு இல்லியே" என்றார். "படுக்கையறை கிடையாது. சமையலறை கிடையாது. பிரசவ அறைன்னு ஒரு இனமே எங்ககிட்ட இல்ல. கழிப்பறைக்கு மட்டும் இருக்கு." சற்று யோசித்தார். "ஏன், கழிப்பறையிலயும் அறை இருக்குல்ல?"

"புரியலிங்க."

"கழிப்பறைன்னு எழுதிக் குடுங்க. ஒரு கழிப்பறைக்கு நாலு மூடைதான் தரலாம். உங்களுக்குப் பன்னண்டு வேணும். அப்ப மூணு கழிப்பறை. எங்களுக்கும் இந்த வருஷ இலக்குல மூணு ஏறும்."

"ஒரு வீட்டுக்கு மூணு கக்கூசு யாருங்க கட்டுவா? ஊருக்குள்ள ஒண்ணே கிடையாதுங்க."

"அதுக்குப் பேருதான் முன்னேற்றம்" என்றார் மெய்யநாதன்.

பூமிநாதன் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து சொன்னபோது சோலையம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "பிள்ள பெறப்போற இடத்தப் போயி கக்கூசுன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கீகளே, நல்லா இருக்கா உங்களுக்கே?"

"எழுத்துலதானடி கக்கூசு. கட்டுறது ரூம்புதான்" என்றார் பூமிநாதன். எழுத்தில் இருப்பது சுவரில் ஏறிவிடும் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

முதலில் சுவருக்கான மூடைகள் வந்தன. அல்லாபிச்சை சுவரை எழுப்பினார். பின்பக்கத்துச் சுவரில் பெரிய ஜன்னலாக ஒன்று வைத்தார். அந்தப் பக்கம் புளியமரத்தைத் தவிர ஆள் நடமாட்டம் கிடையாது. காற்று தாராளமாக வந்தது. நாகவல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கூரை போடாத அறைக்குள் போய் ஜன்னல் பக்கம் நின்று பார்த்தாள். அவள் சிரித்து வெகுநாளாயிற்று என்பது சோலையம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த வாரமே மெய்யநாதன் தணிக்கைக்கு வந்தார். ஜன்னலைப் பார்த்ததும் திகைத்து நின்றுவிட்டார்.

"கழிப்பறைக்கு இவ்வளவு பெரிய ஜன்னலா? மானம் போயிரும்ல?"

"உள்ள யாருங்க அப்படி உக்காரப்போறா?" என்றார் பூமிநாதன்.

"யாரு உக்காந்தாலும் உக்காராட்டியும் விதி விதிதான். மேல ஒரு சாண் அளவுக்குக் காத்துத்துளை விட்டுக்கிரலாம். ஜன்னலை அடைச்சாத்தான் கூரைக்குச் சிமெண்டு."

கூரையில்லாமல் அறை எதற்கு ஆகும்? அல்லாபிச்சை முணுமுணுத்துக்கொண்டே ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார். கூரை ஏறியது. நண்பகலிலும் லாந்தர் ஏற்றினால்தான் உள்ளே கண் தெரிந்தது.

அடுத்த தணிக்கையில் தரையைப் பார்த்தார்கள். பூக்கல்லை மெய்யநாதன் வெகுவாகப் பாராட்டினார். "ஆனா பீங்கான் எங்க? பீங்கான் இல்லாம கழிப்பறைன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

மூன்று கழிப்பறை என்பதால் மூன்று பீங்கான்கள் ஜீப்பில் வந்தன. வரிசையாகத் தரையில் பதிக்கச் சொன்னார்கள். அல்லாபிச்சை பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணே, நம்ம வாப்பா காலத்துல இருந்து வீடு கட்டுறோம். இந்த மாதிரிக் கட்டச் சொல்லி யாரும் கேட்டதில்ல. எங்கிட்டுப் படுக்கும் பிள்ள? இந்தப் பீங்கானுக்கும் அந்தப் பீங்கானுக்கும் நடுவுலயா?"

"பதிச்சு விடுப்பா" என்றார் பூமிநாதன். "அவுக பாத்துட்டுப் போனதும் மேல பலகையப் போட்டுக்கிருவோம்."

பார்த்துவிட்டுப் போனால்தானே? ராமநாதபுரம் மாவட்டத்தின் பெரிய அதிகாரிகள் அப்போது மதுரையில் இருந்தார்கள். ஒரே வீட்டில் மூன்று கழிப்பறை என்ற செய்தி மதுரைக்குப் போனது. மாவட்டத்திலேயே மிகப் பெரிய குடும்பக் கழிப்பறை இதுதான் என்று கணக்கெடுத்துச் சொன்னார்கள். வாரியத்தின் தனி அலுவலர் நேரில் வந்து திறந்துவைப்பதாக முடிவாயிற்று. மெய்யநாதன் ஆளை அனுப்பிக் கதவில் வாரியத்தின் பூட்டைப் போட்டார்.

"திறப்பு விழா முடியாத கட்டடத்துக்குள்ள யாரும் போகக் கூடாது. அது மரபு."

"மகளுக்கு நாள் நெருங்குதுங்க."

"அய்யாவுக்கும் நாள் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

புரட்டாசியில் வருவதாக இருந்த தனி அலுவலருக்கு வேறொரு ஊரில் அடிக்கல் நாட்டும் வேலை வந்துவிட்டது. பிறகு ஜீப் பழுது. பிறகு அவர் வாரியத்தின் புதுக் கட்டடத்தைப் பார்வையிட்டதில் களைத்துப்போனார். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. கூடத்தில் மூன்று இடத்தில் ஒழுகியது. ஒழுகாத இடத்தில் நாகவல்லி கால் வீங்கிப் படுத்திருந்தாள். சோலையம்மாள் பூட்டிய கதவை நாளும் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். "தாயி, இன்னைக்குத் தொறந்துருவாக" என்று மகளிடம் சொல்வாள். நாகவல்லி மாட்டுக் கொட்டகைப் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஒருவழியாக ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு நாள் குறித்தார்கள். வியாழக்கிழமையே பந்தல் போட்டார்கள். மைக்செட் வந்தது. வீட்டு முன்னால் சேறு தெரியாமலிருக்க ஆலையிலிருந்து உமி கொண்டுவந்து கொட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் நாகவல்லிக்கு வலி எடுத்தது.

காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டி தேடினார் பூமிநாதன். ஊரில் இருந்த இரண்டு வாடகைக் கார்களையும் விழாவுக்கென்று வாரியம் அமர்த்தியிருந்தது. ஊர் நர்ஸ் ராபியாவை மூத்த மகன் சைக்கிளில் அழைத்துவந்தான். அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "இனி எங்குட்டும் கொண்டுபோக முடியாது. மறைவா ஒரு இடம் காட்டுங்க, சீக்கிரம்" என்றார்.

நாகவல்லி அப்பாவைப் பார்த்தாள்.

பூமிநாதன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் வாரியத்தின் பூட்டை ஒரே நெம்பில் பெயர்த்தார். அவர் வாழ்நாளில் அரசாங்கத்துப் பொருள் ஒன்றின் மேல் கைவைத்தது அதுவே முதல்முறை. பீங்கான்களின் மேல் பலகையைப் போட்டு, பாயை விரித்து, மகளைக் கொண்டுவந்து படுக்கவைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

முன்னேற்பாட்டுக்காகப் பத்து மணிக்கே வந்த மெய்யநாதன் உடைந்த பூட்டைப் பார்த்தார்.

"தொறந்துட்டீகளா? நீங்களே தொறந்துட்டா அப்புறம் அய்யா வந்து எதைத் தொறப்பாரு?"

"எம் மக உள்ள பிள்ள பெத்துக்கிட்டு இருக்காங்க."

மெய்யநாதன் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. தூரத்தில் ஜீப்பின் சத்தம் கேட்டுவிட்டது. அவசர அவசரமாகக் கதவின் குறுக்கே சிவப்பு ரிப்பனைக் கட்டினார். சோலையம்மாள் வெந்நீர்ப் பானையோடு குனிந்து ரிப்பனுக்கு அடியில் நுழைந்தாள். "ரிப்பன்ல படாம போங்கம்மா, ஈரம் பட்டா வெட்டும்போது கத்திரி வழுக்கும்" என்று மெய்யநாதன் கெஞ்சினார். போனவள் துணி எடுக்க மறுபடி குனிந்து வந்தாள். மறுபடி குனிந்து போனாள்.

தனி அலுவலர் இறங்கி வந்தார். மாலை போட்டார்கள். மைக்கைப் பிடித்தார். வானம் கறுத்திருந்தது.

"தாய்மார்களே, பெரியோர்களே! ஒரு நாட்டின் உயர்வு எதில் இருக்கிறது? கோபுரத்தில் இல்லை, கழிப்பறையில் இருக்கிறது. நாங்கள் மதுரையில் இருந்துகொண்டு உங்கள் தேவையை உங்களைவிட நன்றாக அறிகிறோம். நீங்கள் கேட்டீர்களா மூன்று கழிப்பறை? கேட்கவில்லை! கேட்காமலே கொடுப்பதுதான் வாரியம்!"

உள்ளேயிருந்து நாகவல்லியின் முனகல் வெளியே கேட்டது. தனி அலுவலர் நிறுத்தினார். மெய்யநாதன் அவர் காதருகே குனிந்து, "பயன்பாட்டுல இருக்குங்கய்யா" என்றார். அந்த நேரத்தில் வேறெதுவும் அவருக்கு வாயில் வரவில்லை.

தனி அலுவலரின் முகம் மலர்ந்தது. "கேளுங்கள்! திறப்பதற்கு முன்பே மக்கள் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். உள்ளே ஒரு சகோதரி சிரமப்படுவது என் காதில் விழுகிறது. காரணம் என்ன? மலச்சிக்கல். கீரை சாப்பிடுங்கள். வாழைத்தண்டு சாப்பிடுங்கள். வாரியம் கழிப்பறையைத்தான் கொடுக்க முடியும். மற்றதை நீங்கள்தான் முயற்சி செய்து முடிக்க வேண்டும்."

வாரியத்து ஊழியர்கள் கைதட்டினார்கள். ஊர்ப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அல்லாபிச்சை பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஏதோ ஓதினார். பூமிநாதன் கதவை ஒட்டி நின்றார். உள்ளே நாகவல்லி ஒருமுறை பெரிதாக அலறினாள். பிறகு சத்தமில்லை. பிள்ளையின் சத்தமும் இல்லை.

கதவு ஒரு விரல் அகலம் திறந்தது. சோலையம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, பிள்ள நீலமா இருக்கு, அழுகல. கழுத்துல கொடி எத்தன சுத்து சுத்தியிருக்குன்னு நர்ஸம்மாவுக்குத் தெரியல. லாந்தர் வெளிச்சம் பத்தாதாம். மூச்சு முட்டுது உள்ள. வெளிச்சம் கேக்குறாக!"

கதவைத் திறந்தால் மொத்தப் பந்தலும் உள்ளே பார்க்கும். பூமிநாதன் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினார். "சுவத்தவிட்டுத் தள்ளிக்கங்க!" என்று உள்ளே கேட்கும்படி கத்தினார். அடைத்த ஜன்னலில் ஓங்கிக் குத்தினார். அல்லாபிச்சை பின்னாலேயே ஓடிவந்து, தான் வைத்த கல்லைத் தன் கையாலேயே பிடித்து இழுத்தார். கற்கள் வெளிப்பக்கமாகச் சரிந்தன. தனி அலுவலர் என்ன இடிகிறது என்று தெரியாமல் மைக்கை விட்டுவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார். மெய்யநாதன் பின்பக்கம் ஓடிவந்தார்.

"வாரியத்துச் சுவருய்யா! விடுய்யா! வாரியத்துச் சுவரு!"

கடைசி வரிசைக் கல் விழுந்தது. மேகத்து வெளிச்சம்தான், ஆனாலும் வெளிச்சம். உள்ளே ராபியாவின் கைகள் வேகவேகமாக அசைந்தன. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்து உள்ளங்காலில் தட்டினார். மறுபடி தட்டினார். பூமிநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிள்ளை அழுதது.

மைக் இன்னும் வேலை செய்துகொண்டிருந்ததால் அந்த அழுகை ஊர் முழுவதும் கேட்டது. ஜீப்பில் ஏறப்போன தனி அலுவலர் நின்றார். விஷயம் சொல்லப்பட்டது. அவர் மிகவும் வேதனைப்பட்டார்.

"கழிப்பறையிலா பிரசவம்? எவ்வளவு பின்தங்கிய ஜனங்கள்! பிரசவத்துக்கு ஓர் அறை கூடவா கட்டிக்கொள்ளவில்லை இவர்கள்? எங்கே போகிறது சிமெண்டு எல்லாம்?" பிறகு மெய்யநாதனைப் பார்த்தார். "சுவரை உடைத்ததற்கு நடவடிக்கை எடுங்கள். இன்றைக்கே."

ஜீப் போனது. கத்திரிக்கு வேலை வராத ரிப்பனை யாரோ அறுத்துச் சுருட்டிக்கொண்டார்கள்.

மாலையில் மழை கொட்டியது. உடைந்த ஜன்னல் வழியே சாரல் நேராகப் பாய்க்கு வந்தது. தாயையும் பிள்ளையையும் அசைக்கக் கூடாதென்று ராபியா சொல்லிவிட்டுப் போயிருந்தார். பூமிநாதன் லாரியில் மூடை மூடும் தார்ப்பாயை ஆலையில் வாங்கிவந்து ஜன்னலில் கட்டப் பார்த்தார். கட்டுவதற்குச் சுவரில் ஓர் ஆணிகூட இல்லை. அதனால் வெளியே நின்று, இரண்டு மேல்முனைகளையும் இரு கைகளால் தூக்கிப் பிடித்துக்கொண்டார். வெகுநேரமாக அப்படியே நின்றார். மகன்களில் ஒருவன் மருந்துக்குப் போயிருந்தான். இன்னொருவன் மருமகனுக்குச் சொல்லப் போயிருந்தான்.

குடையோடு மெய்யநாதன் வந்தார். சட்டைக்குள்ளிருந்து ஓர் அறிவிப்பை நனையாமல் எடுத்தார்.

"வாரியத்தின் உடைமைக்குச் சேதம் விளைவிச்சதுக்கு விளக்கம் கேட்டு அறிவிப்பு. வாங்கிக்கிட்டதுக்கு ஒரு கையெழுத்துப் போடணும்."

"ரெண்டு கையும் வேலையா இருக்குங்க" என்றார் பூமிநாதன்.

"இன்னைக்குத் தேதி போட்டாகணும். நான் என்ன செய்யட்டும்? எனக்கும் மேல ஆள் இருக்காக." மெய்யநாதன் சுற்றிலும் பார்த்தார். வேறு வழி தெரியவில்லை. அறிவிப்பைச் சட்டைக்குள் திரும்ப வைத்தார். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார். "இங்குட்டுக் குடுங்க, நான் புடிச்சுக்கிறேன். கையத் துடைச்சிட்டு வந்து போடுங்க."

பூமிநாதன் முனைகளை அவர் கையில் கொடுத்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, சுற்றிப்போய், கதவைத் திறந்து உள்ளே போனார். பேத்தியின் முகத்தைக் காலையிலிருந்து அவர் இன்னும் பார்க்கவில்லை.

மெய்யநாதன் காத்திருந்தார். மழை அவர் கழுத்து வழியே சட்டைக்குள் இறங்கி அறிவிப்பை நனைத்தது. கை வலித்துத் தார்ப்பாய் சற்றுத் தாழ்ந்தது. உள்ளேயிருந்து, அப்பா பக்கத்தில் வந்து நிற்பதைக் கவனிக்காமல், கண்ணை மூடியபடியே நாகவல்லி அலுப்போடு சொன்னாள்:

"இன்னுங் கொஞ்சம் தூக்கிப் புடிங்கப்பா, பிள்ள மேல தெறிக்குது."

கிளை அதிகாரி கைகளை உயர்த்தினார்.